ஒற்றை ஆள் கடைக்கு ஓர் அடுத்தாள்

(திருவண்ணாமலையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



வணிகர் ஒருவரின் நினைவாக நடக்கும் சொற்பொழிவு இது. இப்படிப்பட்ட மேடைகளில் கடல் கடந்து போய்ப் பொருளீட்டியவர்களைப் பற்றியும், ஒரு கடையை நூறு கடையாக்கியவர்களைப் பற்றியும் பேசுவது வழக்கம். நான் ஒரு கடையை ஒரு கடையாகவே, தன்னந்தனியாக, ஆண்டுக்கணக்கில் நடத்திக்கொண்டிருப்பவர்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இந்த ஊரில் அவர்கள் இல்லாத தெரு கிடையாது. ராஜகோபுரத்துக்கு எதிரே பூக்கட்டி விற்பவர், வட ஒத்தவாடைத் தெருவில் தையல் இயந்திரத்தோடு உட்கார்ந்திருப்பவர், 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் இந்திர லிங்கம் தொடங்கி ஈசான்ய லிங்கம் வரை சுக்குக் காப்பியும் இளநீரும் இட்லியும் நெய்விளக்கும் ருத்திராட்சமும் விற்பவர்கள். முதலாளி அவர்தான், வேலையாள் அவர்தான், கணக்கப்பிள்ளை அவர்தான், இரவில் தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டுப் போகும் காவல்காரரும் அவர்தான்.

இவர்களை ஓரத்தில் இருக்கும் சிலர் என்று நினைத்துவிடக் கூடாது. 2013-14இல் எடுக்கப்பட்ட ஆறாவது பொருளாதாரக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 5 கோடியே 85 லட்சம் நிறுவனங்கள் எண்ணப்பட்டன. அவற்றில் நூற்றுக்கு 71க்கும் மேற்பட்டவை கூலிக்கு ஆள் வைக்காதவை. கம்பெனியாகப் பதிவாகாத தொழில்களை மட்டும் எடுத்துப் பார்த்த 2015-16 மாதிரி ஆய்வில் இந்தப் பங்கு 84 விழுக்காடாக இருந்தது. இவற்றில் சிலவற்றில் மனைவியோ மகனோ கைகொடுக்கக்கூடும். சம்பளத்துக்கு ஆள் கிடையாது. அதே பொருளாதாரக் கணக்கெடுப்பின்படி, பெண்கள் நடத்தும் நிறுவனங்கள் அதிகமாக உள்ள மாநிலம் தமிழ்நாடு. நாட்டிலுள்ள மொத்தத்தில் 13.5 விழுக்காடு நம்முடையவை. ஆனால் நம் வணிகவியல் பாடநூலைத் திறந்தால், கூட்டாண்மைக்கும் கூட்டுப்பங்கு நிறுவனத்துக்கும் அதிகாரம் அதிகாரமாக இடம் இருக்கிறது. தனியாள் வணிகத்துக்கு அந்த அளவு இடம் இல்லை. ஊரில் பெரும்பாலான கடைக்காரர்கள் செய்யும் தொழிலைப் பாடம் சில பக்கங்களில் கடந்துவிடுகிறது.

காலை வேளைக்கு மட்டும் இட்லி விற்கும் ஓர் அம்மாவை எடுத்துக்கொள்வோம். முதல் நாள் மதியமே அரிசியும் உளுந்தும் ஊறவேண்டும். மாலையில் ஆட்டி வைக்கவேண்டும். விடியும் முன் அடுப்பு. ஆறு மணிக்கு முதல் ஆள் வந்துவிடுவார். பரிமாற வேண்டும், காசு வாங்க வேண்டும், யார் சாப்பிட்டுவிட்டு எழுதி வைக்கச் சொன்னார் என்பதை நினைவில் வைக்கவேண்டும். பத்து மணிக்குப் பாத்திரம் துலக்கி முடித்தால், மளிகைக்குப் போக வேண்டும். சிலிண்டர் வந்ததா என்று பார்க்க வேண்டும். இடத்து வாடகை, தண்ணீர், உணவுப் பாதுகாப்புப் பதிவு, மகளின் கல்விக் கட்டணம். இவை ஒவ்வொன்றும் தனித்தனியே பெரிய வேலை இல்லை. சிரமம் எங்கே என்றால், ஒவ்வொரு வேலையும் ஒவ்வொரு விதமான மனத்தைக் கேட்கிறது. கொள்முதல் செய்யப் போகிறவருக்குக் கறார் வேண்டும். பரிமாறுகிறவருக்கு முகமலர்ச்சி வேண்டும். கடன் கொடுத்தவருக்கு ஞாபகம் வேண்டும். கணக்கு எழுதுகிறவருக்கு அரைமணி நேரத் தனிமை வேண்டும். இத்தனை மனங்களையும் ஒரே ஆள் ஒரே காலையில் மாற்றி மாற்றி அணிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. மாலையில் அவர் “உடம்பு வலி” என்று சொல்வதில் பாதி இந்த வலிதான் என்று நான் நம்புகிறேன்.

அதிலும் பெண்ணாக இருந்தால் கடைக்கு முன்னும் பின்னும் வீடு இருக்கிறது. மத்திய அரசின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வு, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் 299 நிமிடம் செலவிடுகிறார்கள் என்றது. ஆண்கள் 97 நிமிடம். 2024இல் மறுபடி எடுத்தபோது 289, 88. ஐந்தாண்டில் பத்து நிமிடம் குறைந்திருக்கிறது. ‘நேர மேலாண்மை’ என்று ஒரு பயிற்சி வகுப்பை இந்தப் பெண்களுக்கு நடத்த முன்வருகிறவர்கள், அந்த 289 நிமிடத்தை முதலில் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இனி நம் ஊருக்கே உரிய ஒரு விஷயத்துக்கு வருகிறேன். இதை நான் சற்று விரிவாகப் பேச அனுமதிக்க வேண்டும். வேறு எந்த ஊரின் வணிகத்தைப் பற்றிப் படித்தாலும் இது கிடைக்காது.

திருவண்ணாமலையின் கடைத்தெரு நிலவைப் பார்த்து நடக்கிறது. ஒரு பௌர்ணமிக்கும் அடுத்த பௌர்ணமிக்கும் இடையே சுமார் 29½ நாள். பன்னிரண்டு பௌர்ணமிக்கு 354 நாள்; ஆகவே சில ஆண்டுகளில் பதின்மூன்றாவதும் வரும். சித்ரா பௌர்ணமியும் கார்த்திகை தீபமும் லட்சக்கணக்கானோரைக் கொண்டுவரும். சமீப ஆண்டுகளில் ஆந்திரத்திலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் வருவோர் பெருகி, கடைப் பலகைகளில் தெலுங்கு ஏறியிருப்பதை நீங்களே பார்க்கிறீர்கள். பாதையோர வியாபாரி நாள்காட்டியில் முதலில் பார்ப்பது திதி எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிகிறது என்பதைத்தான். மாலையில் தொடங்கி மறுநாள் மாலை முடிந்தால் ஓர் இரவு முழுக்கக் கூட்டம். நள்ளிரவில் தொடங்கினால் கூட்டம் இரண்டு இரவாகப் பிரியும். சனி, ஞாயிறில் விழுந்தால் ஒரு கணக்கு, செவ்வாயில் விழுந்தால் வேறு கணக்கு. எவ்வளவு பால் சொல்வது, எத்தனை இளநீர் இறக்குவது என்ற முடிவு இதைப் பொறுத்தது. தவறினால் மிஞ்சியதைக் கொட்ட வேண்டும், இல்லாவிட்டால் நடு இரவில் சரக்கில்லாமல் கைகட்டி நிற்க வேண்டும். பெரிய நிறுவனத்தில் தேவையை மதிப்பிட ஒரு துறையே இருக்கும். இங்கே அந்த வேலையைப் பஞ்சாங்கத்தையும் அனுபவத்தையும் வைத்துக்கொண்டு ஒருவர் செய்கிறார். பெரும்பாலும் சரியாகவே செய்கிறார்.

வருமானம் நிலவின் கணக்கில் வருகிறது. செலவோ நிலவைப் பார்ப்பதில்லை. வாடகை ஆங்கில மாதத்தில், சுய உதவிக் குழுத் தவணை வாரத்தில், வீட்டுச் செலவு நாளில். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளங்கிக்கொள்வதற்காக நான் வைத்துக்கொண்டவை. சுக்குக் காப்பி விற்கும் ஒருவருக்குப் பௌர்ணமியை ஒட்டிய இரண்டு நாளில் செலவு போக 7,000 ரூபாய் நிற்கிறது. மற்ற 27 நாளில் நாளுக்கு 200 வீதம் 5,400. மொத்தம் 12,400. குடும்பத்துக்கு நாளுக்கு 400 தேவை என்றால் 29 நாளுக்கு 11,600. கணக்கின்படி 800 ரூபாய் மிச்சம். கடை நன்றாகவே நடக்கிறது. ஆனால் அந்த 7,000 கைக்கு வந்த வாரத்திலேயே அடகை மீட்கவும் பழைய பாக்கி அடைக்கவும் போய்விட்டால், எட்டாம் நாளிலிருந்து தினமும் 200 ரூபாய் துண்டு விழும். கடை லாபத்தில் இருக்கும்போதே கடைக்காரர் கடனாளி ஆகிறார். இதை நான் மிக முக்கியமான செய்தியாகக் கருதுகிறேன். அவருக்கு வியாபாரம் தெரியவில்லை என்று வெளியார் சொல்வார்கள். வியாபாரம் அவருக்கு நன்றாகத் தெரியும். வந்த பணத்தை 29 நாளுக்குப் பங்கிட்டு வைக்கும் வேலைக்கு மட்டும் கடையில் ஆள் இல்லை.

அந்த இடைவெளியில்தான் தண்டல்காரரின் இருசக்கர வண்டி வந்து நிற்கிறது. கையில் 8,500 கொடுப்பார். நூறு நாளைக்குத் தினம் நூறு ரூபாய் கட்டவேண்டும். 1,500 ரூபாய்தானே என்று தோன்றும். முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருவதால், உண்மையில் நம் கையில் இருப்பது சராசரியாகப் பாதித் தொகைதான்; அதற்கு நூறு நாளில் 1,500 என்றால், ஆண்டு வட்டி நூறு விழுக்காட்டைத் தாண்டிவிடும். தமிழ்நாட்டின் 2003ஆம் ஆண்டு அதீத வட்டித் தடைச் சட்டம் தின வட்டி, மணி வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று கடைத்தெருப் பெயர்களையே சொல்லி விளக்கம் தருகிறது. சட்டம் இருக்கிறது. ஆனாலும் தண்டல் நிற்கவில்லை, ஏனென்றால் தண்டல்காரர் கடைக்கே வருகிறார். வங்கிக்குப் போகக் கடையை மூட வேண்டும். 2020 ஜூனில் தொடங்கிய பி.எம். ஸ்வநிதி திட்டம் தெரு வியாபாரிக்கு முதலில் 10,000 ரூபாயை ஈடில்லாக் கடனாகத் தந்தது. 2025இல் அது 15,000 ஆனது. ஒழுங்காகக் கட்டினால் அடுத்தடுத்து 50,000 வரை. நல்ல திட்டம். ஆனால் விண்ணப்பம், சான்று, வங்கிக் கிளை என்று அலையும் நாட்களுக்கு அந்த அம்மாவின் அடுப்பை யார் பார்ப்பது?

கணக்குக்கு வருகிறேன். தமிழ் வணிகத்தில் கணக்கு எழுதுவது புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டிய ஒன்றே இல்லை. நகரத்தார் பர்மாவிலும் மலாயாவிலும் கடை வைத்திருந்தபோது நாள்வழி, பேரேடு, ஐந்தொகை என்று எழுதிய கணக்கைப் பார்த்து ஆய்வாளர்கள் வியந்திருக்கிறார்கள். நம் பூக்கடைக்காரருக்கு ஐந்தொகை வேண்டியதில்லை. நாள்வழி ஒன்று போதும்: இன்று வந்தது, இன்று போனது, வீட்டுக்கு எடுத்தது. மூன்றாவது பத்தி முக்கியம். கடைப் பணத்துக்கும் வீட்டுப் பணத்துக்கும் இடையே அது ஒன்றுதான் வேலி.

2025 ஜூலையில் கர்நாடகத்தில் நடந்தது நினைவிருக்கும். யு.பி.ஐ. வரவை வைத்து வணிகவரித் துறை சிறு கடைக்காரர்களுக்கு நோட்டீஸ் அனுப்ப, பெங்களூரில் பல கடைகளில் க்யூ.ஆர். அட்டையைக் கழற்றிவிட்டு ‘ரொக்கம் மட்டும்’ என்று எழுதி வைத்தார்கள். எதிர்ப்புக்குப் பின் அரசு இறங்கிவந்தது. பொருள் விற்பவருக்கு ஜி.எஸ்.டி. பதிவு வரம்பு 40 லட்சம். பால், காய்கறி போன்றவற்றுக்கு வரியே கிடையாது. ஆனால் வங்கிக் கணக்கில் வந்த பணத்தில் எது விற்பனை, எது மைத்துனர் அனுப்பிய கைமாற்று என்று பிரித்துச் சொல்ல எழுதி வைத்த கணக்கு இல்லாதவர் அஞ்சத்தான் செய்வார். மாவுக் கையோடு நிற்பவருக்கு, யு.பி.ஐ. வரவை அறிவிக்கும் குரல் பெட்டி “ரூபாய் முப்பது பெறப்பட்டது” என்று சொல்வது பெரிய உதவி; அதை நான் மனமார வரவேற்கிறேன். பணம் வந்ததை அது சொல்லிவிடும். அந்தப் பணம் என்ன வகை என்று மனிதர்தான் எழுதி வைக்கவேண்டும்.

வேலையைக் குறைத்துக்கொள்வதும் ஒரு வழி. கோவை மாவட்டம் வடிவேலாம்பாளையத்தில் கமலாத்தாள் என்னும் மூதாட்டி ஒரு ரூபாய்க்கு இட்லி விற்கும் செய்தி 2019இல் நாடெங்கும் பரவியது. எரிவாயு அடுப்பு வந்தது. 2022இல் மஹிந்திரா குழுமத்தின் உதவியால் வீடும் கிடைத்தது. எல்லோரும் அவருடைய விலையைப் பாராட்டினார்கள். நான் அவருடைய கடையமைப்பைப் பார்க்கச் சொல்கிறேன். ஒரே பண்டம், எல்லோருக்கும் ஒரே விலை, காலை வேளை மட்டும். தினமும் எடுக்க வேண்டிய முடிவுகளை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடும்படி சுருக்கி வைத்ததால்தான், எண்பது வயதைத் தாண்டியும் ஒருவரால் தனியாக அதை நடத்த முடிந்திருக்கிறது. தோசை போடுங்கள், பரோட்டா போடுங்கள், விரிவாக்குங்கள் என்று தனியாள் கடைக்கு அறிவுரை சொல்கிறவர்கள், அந்தக் கூடுதல் பண்டத்தை எந்தக் கை செய்யும் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

ஆனால் எவ்வளவு சுருக்கினாலும் ஒன்று மிஞ்சுகிறது. கடைக்காரருக்குக் காய்ச்சல் வந்தால் கடை என்ன ஆகும்? அவர் ஒரு சாவுக்குப் போகவேண்டும் என்றால்? அவ்வளவு தூரம் போவானேன், பகல் நேரத்தில் கழிப்பறைக்குப் போகவேண்டும் என்றால்? பாதையோரம் கடை போடும் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வது பலருக்கும் தெரிந்த, யாரும் மேடையில் பேசாத விஷயம். சிறுநீரகக் கோளாறு என்று மருத்துவரிடம் போகும்போதும் கடை மூடித்தான் இருக்கும்.

தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் 1947ஆம் ஆண்டினது. கடையில் வேலை செய்வோருக்கு வார விடுமுறை, வேலை நேரம் எல்லாம் அதில் உண்டு. 2021இல் அதில் ஒரு திருத்தம் வந்தது: நின்றுகொண்டே வேலை பார்க்கும் கடை ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும். ஜவுளிக்கடைப் பெண்களின் கால் வலிக்குக் கிடைத்த நீதி அது. ஆனால் தானே முதலாளியாகவும் தானே ஊழியராகவும் இருப்பவரை அந்தச் சட்டம் எட்டாது. அவருக்கு விடுமுறை தர யாரும் இல்லை. அதனால் அவர் விடுமுறை எடுப்பதும் இல்லை.

பழைய தமிழ்க் கடைகளில் இதற்கு ஓர் ஏற்பாடு இருந்தது. ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ நாவலைப் படித்தவர்களுக்கு மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்ற வரிசை தெரிந்திருக்கும். மேலாள் ஊருக்குப் போனால் அடுத்தாள் பெட்டியில் உட்காருவார். ஒருவர் இல்லாதபோது இன்னொருவர் என்பது அமைப்பிலேயே இருந்தது. இன்றைய ஒற்றை ஆள் கடையில் இல்லாதது அந்த அடுத்தாள்தான். மற்றக் குறைகள் பெரும்பாலும் இதிலிருந்தே கிளைக்கின்றன: வங்கிக்குப் போக முடியாதது, மருத்துவரிடம் போக முடியாதது, கணக்கெழுத உட்கார முடியாதது.

தாங்கிப் பிடிக்க யாரும் இல்லாதபோது என்ன ஆகும் என்பதை இந்த ஊர் இரண்டு முறை கண்டது. 2020 மார்ச்சில் தொற்றுக் காலத்தில் கிரிவலம் நின்றது. ஏறத்தாழ ஈராண்டு பாதை வெறிச்சோடியது. 2024 டிசம்பர் 1ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச்சரிவில் மண் சரிந்து, வ.உ.சி. நகரில் ஏழு உயிர்கள் போயின. அந்த ஆண்டு தீபம் டிசம்பர் 13 அன்று. பக்தர்கள் மலையேற அனுமதி இல்லை. தீபத்தை நம்பிக் கடன் வாங்கிச் சரக்கு இறக்கியவர்களின் மனநிலையை நினைத்துப் பாருங்கள். சேமிப்பும் காப்பீடும் இல்லாத தனியாளுக்கு ஒரு தீபம் தவறினால் அடுத்த தீபம் வரை கடன்.

தனியாள் என்றால் துணையே இல்லாதவர் என்று பொருளாக வேண்டியதில்லை. வடக்குக் கோபுரத்துக்கு அம்மணி அம்மாள் பெயர் இருக்கிறது. செங்கம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண்மணி, வீடு வீடாகப் போய்ப் பொருள் திரட்டி அதைக் கட்டி முடித்தார் என்பது ஊர் மரபு. பொறுப்பு அவருடையது, கைகள் ஊருடையவை. விருதுநகர் வணிகர்கள் வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை மகமையாக ஒதுக்கி, அதில் பள்ளிக்கூடமே நடத்தினார்கள். காமராஜர் படித்தது அப்படியொரு பள்ளியில்தான். அகமதாபாத்தில் எலா பட் 1972இல் தொடங்கிய சேவா அமைப்பின் பெண்கள், 1974இல் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டு வங்கி தொடங்கினார்கள். கடன் மட்டும் போதவில்லை என்று கண்டு, பிறகு குழந்தைக் காப்பகமும் காப்பீடும் சேர்த்தார்கள். சென்னையில் ஜெயா அருணாசலம் 1978இல் தொடங்கிய ஒர்க்கிங் விமன்ஸ் ஃபோரம், கூடைக்காரப் பெண்களைக் குழுவாக்கி, ஒருவருக்கு ஒருவர் பொறுப்பேற்கச் செய்து கடன் பெற்றுத் தந்தது. நான்கும் வேறு வேறு காலம், வேறு வேறு மனிதர்கள். கடை தனியாகவும் பாதுகாப்பு கூட்டாகவும் இருக்கமுடியும் என்பதற்கு இவை போதும்.

ஆகவே இந்த அவையில் இருப்பவர்களிடம் சில விண்ணப்பங்கள் வைக்கிறேன்.

வணிகர் சங்கத்துப் பெரியவர்களே, ஒரு வீதிக்கு ஓர் அடுத்தாளை நியமியுங்கள். கடை வேலை அறிந்த, நம்பிக்கையான ஒருவர். ஓய்வுபெற்ற கடைக்காரராகவும் இருக்கலாம். யாருக்கு உடம்பு சரியில்லையோ, யாருக்கு வங்கியில் வேலையோ, அந்தக் கடையில் அன்று அவர் உட்காரட்டும். சம்பளத்தைப் பௌர்ணமி வசூலில் ஆளுக்குக் கொஞ்சம் மகமையாகப் போட்டுக் கொடுங்கள். இதற்கு அரசாணை தேவையில்லை.

மாநகராட்சியிடம் கேட்பது இரண்டு. 2014ஆம் ஆண்டுத் தெரு வியாபாரிகள் சட்டப்படி, நகர விற்பனைக் குழுவில் வியாபாரிகளின் பிரதிநிதிகள் நாற்பது விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். அந்தக் குழுவின் கூட்டத்தைக் கடை நேரம் முடிந்த பிறகு வையுங்கள். இல்லாவிட்டால் தனியாள் வரவே முடியாது. இரண்டாவது, பாதையில் வருவோருக்கென்று கட்டும் கழிப்பறைகள் பௌர்ணமி அல்லாத நாளிலும் திறந்திருக்கட்டும். பக்தர்கள் ஓர் இரவு வந்துபோகிறார்கள். விற்பவர்கள் தினமும் இருக்கிறார்கள்.

கல்லூரியிடம் கேட்பதுதான் எனக்கு மிக வேண்டியது. வணிகவியல் மூன்றாமாண்டு மாணவர் ஒவ்வொருவரையும் ஊரிலுள்ள ஓர் ஒற்றை ஆள் கடையோடு சேர்த்துவிடுங்கள். ஒரு பௌர்ணமியிலிருந்து அடுத்த பௌர்ணமி வரை, தினம் மாலை அரைமணி நேரம் அந்தக் கடையின் நாள்வழியை அவர் எழுதட்டும். கடைசி நாளில் வரவையும் செலவையும் கடைக்காரரோடு உட்கார்ந்து பேசட்டும். அதையே செய்முறைத் தேர்வாக மதிப்பிடுங்கள். மாணவருக்கு எந்தப் பாடநூலிலும் இல்லாத பாடம் கிடைக்கும், கடைக்காரருக்கு ஒரு மாதத்துக் கணக்கு கையில் இருக்கும். அந்த நோட்டுப் புத்தகத்தை வங்கி மேலாளரிடம் நீட்டவும் முடியும்.

மாணவர்களே, கல்லூரி முதல்வர் அவர்கள் ஒப்புக்கொள்ளும் வரை நீங்கள் காத்திருக்கத் தேவையில்லை. வரும் பௌர்ணமிக்கு முன்பாக, நீங்கள் தினமும் டீ குடிக்கும் கடையில் கேட்டுப் பாருங்கள்.